பிராந்திக்கடையில் பந்தி போட்டவளுக்கு

அன்புள்ள அக்கா,

நேற்று மகள் வீட்டுக்கு ஆசாரி வந்திருந்தார், பழைய தேக்கு அலமாரிக்கு பாலிஷ் போட. கூடத்தின் நடுவில் அதைப் படுக்க வைத்து, அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைத் துணியில் சுற்றித் தொட்டுத் தொட்டுத் தேய்க்க ஆரம்பித்தார். வாசனை வீடு முழுக்க ஏறியதும் மகள் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, "தலை வலிக்கப்போகுது, உள்ளே போய்ப் படும்மா" என்றாள். நான் போகவில்லை. நாற்காலியை இழுத்து அலமாரிக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அந்த வாசனை வந்தால் கூடவே நீயும் வந்துவிடுகிறாய். முழங்கை வரை அரக்குக் கறையோடு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, போலீஸ்காரரைப் பார்த்து "மோந்து பாருங்க சார், நல்லா மோந்து பாருங்க" என்று சிரித்த நீ.

நான் ஐயம்பேட்டையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தபோது நீ அந்த வீட்டின் மூத்த மருமகள். பட்டணத்துப் பெண். உன் அப்பா ரயில்வே சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறும் வேலையில் இருந்தவர். அந்த முதல் வாரம் முழுக்க நான் உன்னை "நீங்க, வாங்க" என்றேன். "இன்னாமா, நான் இன்னா உன் டீச்சரா? நீன்னு கூப்பிடு" என்று அதட்டினாய். ஓரகத்தியிடம் எச்சரிக்கையாக இரு என்று சொல்லி அனுப்பியிருந்த என் அம்மா, அடுத்த முறை வந்து பார்த்தபோது நாம் இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

நம் வீட்டுக்கு ஊரில் ஒரு பெயர் இருந்தது, 'பிராந்திக்கடை வீடு' என்று. பெண் பார்க்க வந்தவர்கள் அதை என் அப்பாவிடம் சொல்லவில்லை. கல்யாணம் முடிந்து தேர்முட்டியருகே பூக்காரி ஒருத்தி, "ஓ, பிராந்திக்கடை வீட்டுச் சின்ன மருமகளா" என்றபோதுதான் எனக்கே தெரிந்தது. அழுதுகொண்டு வந்து உன்னிடம் சொன்னேன். நீ என்னை ஆறுதல்படுத்தவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அந்தக் கட்டடத்தைக் காட்டினாய்.

காந்தி ரோட்டிலிருந்து ரயிலடிக்குத் திரும்பும் தெருவில் அது நின்றது. விக்டோரியா ராணி காலத்தில் நம் மாமனாரின் தாத்தா கட்டியது. கப்பலில் வந்த இரும்புத் தூண்கள். மார்பு உயரத்துக்கு பர்மா தேக்கில் நீளமான கவுன்டர், அதன் அடியில் கால் வைத்துக்கொள்ளப் பித்தளைக் கம்பி. பின்சுவரில் ஆளுயரக் கண்ணாடி. வாசலுக்கு மேலே சிவப்பும் நீலமுமாகக் கண்ணாடிச் சில்லுகள். முன்கூடத்தில் துரைகளுக்கும் அவர்களுடைய குமாஸ்தாக்களுக்கும் சீமைச் சரக்கு ஊற்றினார்களாம். மற்றவர்களுக்குப் பின்கட்டில் சாராயம். மதுவிலக்கு வந்து கடை மூடிய பிறகு மாமா அதைத் தவிட்டு மண்டிக்கு வாடகைக்கு விட்டிருந்தார். நாம் போனபோது மண்டிக்காரரும் காலி செய்துவிட்டுப் போயிருந்தார். உள்ளே எலியும் வௌவாலும்தான் குடியிருந்தன. நீ முந்தானையால் அந்தக் கண்ணாடியில் ஒரு வட்டம் துடைத்தாய். அதில் நம் இரண்டு பேர் முகமும் தெரிந்தது.

"அழகா இருக்குதுல்ல?" என்றாய்.

எனக்கு அப்போது அப்படித் தோன்றவில்லை. பயமாக இருந்தது.

அந்த வெயில் காலத்தில்தான் உனக்கு அந்த எண்ணம் வந்தது. முகூர்த்தப் புடவை எடுக்க சேலத்திலிருந்து வந்த ஒரு குடும்பம். ஆண்கள் எல்லாரும் ஓட்டலில் விசிறிக்கு அடியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பெண்களை அடுப்படிக்குப் பக்கத்தில் திரை போட்ட அறையில் அடைத்திருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு பெரியம்மா அங்கே உட்கார முடியாமல் எழுந்து தெருத்தெருவாக அலைந்து, கடைசியில் நம் வீட்டு வாசலில் நின்று, "அம்மாடி, கொல்லைப்பக்கம் போய்ட்டு வரட்டுமா?" என்று தலை குனிந்தபடி கேட்டாள்.

"ஊர் ஊரா இங்கதான் பொடவ எடுக்க வராங்க. அந்தப் பொடவய கட்டப்போறவ ஒக்காந்து சோறு துன்ன ஒரு எடம் இல்ல, ஒதுங்க ஒரு எடம் இல்ல. இது ஒரு ஊரா?" என்றாய், அவள் போன பிறகு.

மறுநாள் காலையில் மாமாவிடம் போய், அந்தக் கட்டடத்தை எனக்குக் கொடுங்கள், ஓட்டல் வைக்கிறேன் என்று கேட்டாய். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் அவர், "என்னத்தையாவது பண்ணும்மா. ஆனா என்ன மட்டும் அங்க கூப்பிடாத. நான் அங்க காலெடுத்து வெக்க மாட்டேன்" என்றார். ஏன் என்று நாம் கேட்கவில்லை. உன் வீட்டுக்காரர் ரைஸ்மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த சாது. "உனக்கு சரின்னா சரி" என்று சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் மட்டும் சிரித்தார். கட்சிக்கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "அண்ணி, சாமி ஊர்ல சாராயக்கடையில வந்து எவன் சாப்பிடுவான்?" என்று கேட்டார்.

நீ எதையும் இடிக்கவில்லை. கொத்தனார் தூண்களை எடுத்துவிட்டுச் சுவர் வைக்கலாம் என்றார், கூடாது என்றாய். கவுன்டரை அறுத்துப் பெஞ்சு செய்யலாம் என்றார் தச்சர். அதற்கும் கூடாது. தூண்களுக்குப் பச்சைப் பெயின்ட். பட்டணத்து ஏலக்கடையிலிருந்து சலவைக்கல் மேசைகள். பின்பக்கம் பெண்களுக்கென்று தாழ்ப்பாளும் தண்ணீர்க் குழாயும் உள்ள கழிப்பறைகள். ஊரில் அதைத்தான் கூட்டமாக வந்து வேடிக்கை பார்த்தார்கள். பிறகு நாம் இருவரும் தச்சரோடு உட்கார்ந்து கவுன்டருக்கு அரக்கு பாலிஷ் போட்டோம். பூட்டிக் கிடந்த பிராந்திக்கடையிலிருந்து ஸ்பிரிட் வாசனை தெருவுக்கு வந்தால் ஊர் என்ன நினைக்கும்? மூன்றாவது நாள் ஒரு கான்ஸ்டபிள் வந்து வாசலில் நின்றார்.

"இன்னாமா, மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களா? கம்ப்ளெயின்ட் வந்திருக்குது."

நீ பாலிஷ் பஞ்சை அவர் மூக்குக்குக் கிட்டே நீட்டினாய். "மோந்து பாருங்க சார், நல்லா மோந்து பாருங்க. குடிக்கணும்னா குடிங்க, வயிறு ஒட்டிக்கினா நான் பொறுப்பில்ல."

அவர் முறைத்தார். அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. போகும்போது, கடை திறந்ததும் தன் சம்சாரத்தைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடியே வந்தார்.

பெயர்ப்பலகை எழுத வந்தவர் எந்த சாமி பேர் வைக்கலாம் என்று கேட்டபோது நீ, "பழைய பிராந்திக்கடை சாப்பாட்டு ஓட்டல்னு எழுதுங்க" என்றாய். பிரஷ் அவர் கையிலேயே நின்றுவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. "வேணாம் அக்கா, என் அம்மா வீட்டு மனுஷங்க பாத்தா என் மானமே போயிடும்" என்றேன். நீ என் பக்கம் திரும்பினாய்.

"ஊரு முதுகுக்குப் பின்னால சொல்லிக்கினு இருக்குது. நாமளே முன்னால எழுதி மாட்டிட்டா அப்புறம் அவங்க இன்னா சொல்லுவாங்க?"

திறந்த அன்று யாரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. எதிர்சாரியில் நின்று பலகையைப் படித்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். நீ கதவுகளை அகலத் திறந்து வைத்தாய். கண்ணாடி ஜாடியில் தென்னேரி ஏரியில் பறித்த தாமரை, சலவைக்கல் மேல் நுனி இலை. சமையல் செய்தவள், பாத்திரம் தேய்ப்பவள், நீ, நான் எல்லாரும் தெருவைப் பார்த்தபடி கூடத்தின் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் இலையின் மேல் குனிந்தபடியே சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். "நிமிந்து ஒக்காரு. திருடியா சாப்பிடறோம்?" என்று நீ முணுமுணுத்தாய். அடுத்த நாள் அப்படி நாம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் ஒரு கல்யாணக் கூட்டம் அந்த வழியாகப் போனது. அதில் கல்யாணப் பெண்ணே நின்று உள்ளே பார்த்தாள். பசி அவள் முகத்தில் தெரிந்தது. பெரியவர்கள் பலகையைப் படித்து முடிப்பதற்குள் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நம் மேசையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு நீ உன் அப்பா ரயில்வேயில் கற்று வந்த காய்கறி கட்லெட் போட்டுக் கொடுத்தாய். அதற்குப் பிறகு அந்தக் கூடம் காலியாக இருந்த நாள் எனக்கு நினைவில்லை.

பெண்கள் நடுக்கூடத்தில், ஆண்களுக்கு ஓர மேசைகள். இதற்கு எத்தனை பேர் சண்டை போட்டார்கள்! ஒரு பெரிய மனிதர், "கூச்சமா இருக்குதும்மா, நடுவுல ஒரு ஸ்க்ரீன் போடக்கூடாதா?" என்று கேட்டார். "கூச்சமா இருந்தா கண்ண மூடிக்கினு சாப்பிடுங்க. நான் எடுத்து ஊட்டச் சொல்றேன்" என்றாய். அவர் திரையைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை, சாப்பிட வருவதையும் நிறுத்தவில்லை.

பிறகு அரசாங்கம் மதுவிலக்கைத் தளர்த்திய வருஷம் வந்தது. கடைகளை ஏலம் எடுத்த கான்ட்ராக்டர் ஒருவருக்கு நம் கட்டடத்தின் மேல் கண் விழுந்தது. ரயிலடிக்குப் பக்கம், பளபளக்கும் கவுன்டர், ஊருக்கே தெரிந்த பெயர். பலகையில்கூடப் பாதியை அழித்தால் போதும். அவர் உன்னிடம் வரவில்லை. என் வீட்டுக்காரரைப் பிடித்தார்.

ஒரு நாள் காலையில் சவரம் செய்துகொண்டே அவர் என்னிடம், "நாளைக்கு சரக்கு வந்து எறங்குது. அண்ணி கைல இப்ப சொல்லாத. எறங்கிட்டா ஒன்னும் பண்ண முடியாது. கவர்மெண்டே தொறக்கச் சொல்லுது, நமக்கு இன்னா?" என்றார். அவர் முகம் கழுவப் போனதும் நான் நேரே உன்னிடம் ஓடி வந்தேன். நீ பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாய். கத்தி ஒரு நிமிஷம் நின்றது.

"மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது போலக்குது."

"சரி. வரட்டும்" என்று மறுபடியும் நறுக்க ஆரம்பித்தாய்.

எனக்கு உன்னைப்போல் இருக்க முடியவில்லை. மறுநாள் விடிந்ததும் ஐயம்பேட்டைக்கு பஸ் ஏறினேன். என் அம்மாவிடமும், எங்கள் தெருவில் பட்டு நூல் இழைக்கும் பெண்களிடமும் சொன்னேன். அவர்களுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. நெசவுக் கூலி வாங்கும் நாளில் புருஷன் எந்த வழியாக வீட்டுக்கு வருவான் என்பது அவர்களுடைய கவலை. "சோறு போடுவீங்களா?" என்று மட்டும் ஒருத்தி கேட்டாள். "வயிறு நிறைய" என்றேன்.

நாங்கள் வந்து சேர்ந்தபோது வராந்தா முழுக்க மரப்பெட்டிகள் இறங்கியிருந்தன. உள்ளே திண்டிவனத்துக் கல்யாணக் கூட்டம் ஒன்று சாப்பிட்டுக்கொண்டிருந்தது. கான்ட்ராக்டரின் ஆள் உன் எதிரில் நின்று, மத்தியானத்துக்குள் கூடத்தைக் காலி செய்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"பந்தி நடக்குது. முடிஞ்சாதான் பேச்சு" என்றாய்.

"எப்ப முடியும்?"

"பசிச்சவங்க வந்துக்கினே இருந்தா நடந்துக்கினே இருக்கும்."

அவனுக்குப் பின்னால் நான் கூட்டி வந்த பெண்கள் நின்றிருந்தார்கள். நீ அவர்களைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். உன் கண் கலங்கியதை அன்றுதான் ஒரே ஒரு முறை பார்த்தேன். அடுத்த நொடியே வேலைக்காரர்களைக் கூப்பிட்டு, பெட்டிகளை வரிசையாகத் தள்ளிப் போடச் சொன்னாய். அவற்றின் மேல் வெள்ளைத் துணியை விரித்து, இலை போட எதிரே பெஞ்சு வைத்து, "ஒக்காருங்கமா" என்றாய். பிராந்திப் பெட்டிகளின் மேல், நடுத்தெருவைப் பார்த்தபடி, ஐயம்பேட்டைப் பெண்கள் உட்கார்ந்தார்கள். யாரோ அசைந்ததும் உள்ளே புட்டிகள் கிணுகிணுத்தன. ஒருத்தி சிரித்தாள். அதற்குப் பிறகு சிரிப்பை யாராலும் அடக்க முடியவில்லை. அந்தத் தெருவில் பெண்கள் அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை.

கான்ட்ராக்டர் காரில் வந்து இறங்கினார். பின்னாலேயே என் வீட்டுக்காரர்.

"இன்னா வேடிக்கை இது? இதெல்லாம் என் சரக்கு!"

"பத்திரமாத்தான் இருக்குது. பாருங்க, ஆளுங்க மேலயே ஒக்காந்திருக்காங்க" என்றாய்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துவிட்டார். நான் ரசவாளியோடு நின்றிருந்தேன். "நீ இன்னா பண்ற இங்க? வாளியக் கீழ வெச்சிட்டு வீட்டுக்குப் போ" என்று எல்லார் எதிரிலும் கத்தினார். உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ எனக்கு எந்த ஜாடையும் காட்டவில்லை, முடிவை எனக்கே விட்டுவிட்டாய்.

"முடியாது. பரிமாறிக்கினு இருக்கேன்" என்றேன்.

கல்யாணமாகி அவரிடம் நான் சொன்ன முதல் 'முடியாது' அது. அவர் வாயைத் திறந்தார். ஆனால் அதற்குள் தெருவில் கூட்டம் விலகி வழி விட்டது. மாமா வந்துகொண்டிருந்தார். தோளில் துண்டு, வீட்டில் போட்டிருக்கும் அதே பனியன். யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். படியருகே வந்ததும் நின்றார். தன் செருப்பைப் பார்த்தார். பிறகு அதைக் கழற்றிவிட்டு ஏறினார்.

உள்ளே பார்த்தார். கவுன்டரைப் பார்த்தார், தாமரையைப் பார்த்தார். பெட்டி மேல் என் அம்மாவுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே உட்கார்ந்து, "எனக்கும் ஒரு எல போடும்மா" என்றார். நீ போட்டாய். அவர் நிதானமாகச் சாப்பிட்டு, மோரும் ஊற்றிக்கொண்டு, கை கழுவித் துடைத்த பிறகுதான் கான்ட்ராக்டர் பக்கம் திரும்பினார்.

"அந்தக் கவுன்டருக்குப் பின்னால நின்னு ஊத்தினவன் நான். வந்தவன் எல்லாம் சிரிச்சிக்கினுதான் வந்தான். அவங்க வீட்டுப் பொம்பளைங்க இந்தத் தூணாண்ட நிப்பாங்க. இடுப்புல கொழந்தய வெச்சிக்கினு, புருசன் எப்ப வெளிய வருவான்னு. ஒருத்திகூட இந்தப் படி ஏறினதில்ல. நானும் ஏறச் சொன்னதில்ல." பக்கத்திலிருந்த பெண்களைத் திரும்பிப் பார்த்தார். "இப்ப ஏறி ஒக்காந்திருக்காங்க. இனிமே நான் எறங்கச் சொல்ல மாட்டேன். இது என் மருமக எடம். சரக்க எடுத்துக்கினு போங்க."

கான்ட்ராக்டர் ஆட்களுக்குக் கை காட்டினார். ஆனால் நீ விடவில்லை. "இருங்க. இன்னும் பாயசம் போடல" என்றாய். கடைசிப் பெண் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, தானாக எழுந்த பிறகுதான் அந்தப் பெட்டிகள் நகர்ந்தன.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. கான்ட்ராக்டர் அதே தெருவில் வேறு கட்டடம் பிடித்துக் கடை திறந்தார். சாயங்காலமானால் நம் வாசலில் வந்து விழுந்தார்கள், வாந்தி எடுத்தார்கள், கல்லெறிந்து சிவப்புக் கண்ணாடியில் ஒன்றை உடைத்தார்கள். இருட்டியதும் பெண்கள் வருவது குறைந்தது. சீக்கிரம் கடையை மூடிவிடலாம் என்று உன் வீட்டுக்காரரே சொன்னார். நீ வராந்தாவில் இன்னும் இரண்டு விளக்குகள் மாட்டினாய். "அவன் தொறந்து வெச்சிருக்கற வரைக்கும் நானும் தொறந்துதான் வெச்சிருப்பேன்" என்றாய். என் வீட்டுக்காரர் வெகுநாள் என்னோடு பேசவில்லை. நான் சமைத்ததைச் சாப்பிட்டார், பேசவில்லை. அதுவும் கஷ்டமாகத்தான் இருந்தது, அக்கா. உன்னிடம் அன்று அதைச் சொல்லவில்லை.

சில வருஷம் கழித்து மதுவிலக்கு மறுபடியும் வந்தது. கான்ட்ராக்டர் கடைக்குப் பூட்டு விழுந்தது. ஊர்க்காரர்கள் வந்து, நீ ஜெயித்துவிட்டாய் என்றார்கள். உனக்குக் கோபம்தான் வந்தது. "கவர்மெண்ட் மூடும், நாளைக்குத் தொறக்கும். நான் அவங்களக் கேட்டுக்கினா தொறந்தேன்?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாய். நீ சொன்னபடியேதான் ஆனது. அதற்கப்புறம் எத்தனை முறை மூடினார்கள், எத்தனை முறை திறந்தார்கள்! உன் கதவை மட்டும் நீ இருந்தவரை யாராலும் மூட முடியவில்லை.

நீ போன பிறகு ரோட்டை அகலப்படுத்தக் கட்டடத்தின் முன்பாதியை எடுத்துக்கொண்டார்கள். மீதியைப் பிள்ளைகள் விற்றார்கள். அதற்காக நான் அழவில்லை. நீயும் அழுதிருக்க மாட்டாய். அழுவதற்கு அல்ல, உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

உன் கருமாதியன்று வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. சடங்கு முடிந்து இலை போட்டார்கள். வழக்கம்போல ஆண்கள் துண்டை உதறிக்கொண்டு வரிசையாக வந்தார்கள். பெண்கள் சமையல்கட்டுப் பக்கம் ஒதுங்கினார்கள். உன் ஓட்டலில் சாப்பிட்டு வளர்ந்த பெண்களும் ஒதுங்கினார்கள். நானும் பழக்கதோஷத்தில் ஒதுங்கத்தான் போனேன். அப்புறம் திரும்பி வந்து பந்தலின் நடுவில் நின்றேன்.

"மொதல் பந்தி பொம்பளைங்களுக்கு" என்றேன்.

ஒரு பங்காளிப் பெரியவர், "கருமாதி வீட்ல இன்னாமா புதுசா? மொறைன்னு ஒன்னு இருக்குதுல்ல?" என்றார். பந்தலில் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். எனக்கு வாதம் பண்ணத் தெரியாது. நான் போய் நடு இலையில் உட்கார்ந்துவிட்டேன். தனியாக, எதிரே வெறும் இலை. அப்படி எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. என் பக்கத்தில் உன் மகள் வந்து உட்கார்ந்தாள். அப்புறம் பாத்திரம் தேய்ப்பவள். அப்புறம் ஒவ்வொருவராக வரிசை நிறைந்தது.

ஆண்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். அவர்களுக்கு நடுவிலிருந்து உன் கொழுந்தனார், என் வீட்டுக்காரர், நரைத்த தலையோடு வெளியே வந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். சாம்பார் வாளியைத் தூக்கினார். முதல் இலையிலிருந்து ஆரம்பித்து, குனிந்து குனிந்து ஊற்றிக்கொண்டே வந்து, என் இலைக்கு முன்னால் நின்றார்.

"போதுமா, இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?" என்று கேட்டார்.

"ஊத்துங்க" என்றேன்.

அன்றிலிருந்து நம் வீட்டு விசேஷம் எதுவானாலும் முதல் பந்தி பெண்களுக்குத்தான். பேத்திகளுக்கு அது ஏன் என்றே தெரியாது, எல்லார் வீட்டிலும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைக்கட்டும். உன் கருமாதியில் நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன், அக்கா. நிமிர்ந்து உட்கார்ந்துதான் சாப்பிட்டேன்.

உன் ஓரகத்தி